மேட்டு மண்

என் அண்ணன் ரமேஷ்குமார் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. தேங்காய் வியாபாரியிடம் பேரம் பேசும்போதுகூடக் குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரிதான் பேசுவார். கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் எருத்தேன்பதியில் யார் வீட்டில் என்ன வழக்கு என்றாலும் சமாதானம் பேச அவரைத்தான் கூப்பிடுவார்கள். என்னைக் கூப்பிடமாட்டார்கள். எனக்கு வாய் நீளம், பொறுமை கம்மி, போதாததற்குப் படித்துவேறு தொலைத்துவிட்டேன். அண்ணனுக்காவது நல்ல பெயர் இருக்கிறதே என்று எனக்குப் பெருமைதான். அந்தப் பெருமை போன சித்திரை வரைக்கும் இருந்தது.

என் பெயர் செல்வப்பிரியா. பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். பாடம் நடத்துவது பிழைப்புக்கு. உயிர் வேறொன்றின் மேல் இருந்தது.

இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ரோமாபுரிக்காரர்கள் மிளகு வாங்க முசிறிக்குக் கப்பலில் வந்தார்கள். இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும். அவர்கள் கொண்டுவந்த சரக்கில் ஒரு பங்கு பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்குநாட்டுக்குப் போனது. அங்கே மண்ணுக்கடியில் கிடைத்த பச்சைக்கல்லுக்கு ரோமாபுரிச் சீமாட்டிகள் உயிரை விட்டார்கள். கடற்கரையில் அதற்கான தடயம் இருக்கிறது. கிழக்கே கொங்குநாட்டில் பானை பானையாக ரோமானியக் காசு எடுத்திருக்கிறார்கள். நடுவில்? சரக்கேற்றிய மாடு கடலோரத்தில் புறப்பட்டால் நேராகக் கொங்குநாட்டிலா போய் நிற்கும்? எங்கோ தங்கியிருக்க வேண்டும். மாட்டை அவிழ்த்துவிட்டு, தண்ணீர் காட்டி, அடுப்பு மூட்டிச் சோறு பொங்கியிருக்க வேண்டும். அந்த இடத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை. நான் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த இடம் இருந்தது என்று நிரூபிக்கிற ஒரு தரை, ஒரு அடுப்பு கிடைத்தால் போதும் என்று இருந்தேன். ‘நீ சீசருக்கு வாக்கப்பட்டிருக்க வேண்டியவள்’ என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

எங்கள் குடும்பத்தில் இதையெல்லாம் காதுகொடுத்துக் கேட்ட ஒரே ஆள் அண்ணன்தான். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் கடற்கரையில் பொறுக்கிய பானை ஓடுகளைப் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் பரப்பிவிடுவேன். அது ரோமானிய ஒயின் ஜாடியின் ஓடு. ஜாடி ஆள் இடுப்பு உயரம், இரண்டு பக்கமும் கைப்பிடி, அடி கூர்மையாக இருக்கும். ஆம்போரா என்று சொல்வார்கள். களிமண்ணில் கறுப்பு மணல் மினுமினுக்கும். இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் எரிமலை கக்கிய மணல் அது, நம் நாட்டு மண்ணில் கிடையாது. உள்பக்கம் பிசின் பூசிக் கறுத்திருக்கும். திரும்பிய பக்கமெல்லாம் கள் இறக்குகிற ஊருக்குக் கடல் தாண்டிப் புளித்த திராட்சைச் சாற்றைக் கொண்டுவந்தானே, அவன் துணிச்சலைச் சொல்ல வேண்டும்.

அண்ணன் ஓட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நகத்தால் சுரண்டுவார்.

“இது ஆழத்துல இருக்குமா அம்மணி, மேலாலயே கெடக்குமா?”

“ஊர் இருந்த இடமா இருந்தா மேலயே கெடக்கும்ண்ணா. சாம்பல் மண்ணா இருக்கும். மேடாட்ட இருக்கும்.”

“ஓஹோ” என்பார். என் மாணவர்களில் ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை. எனக்கு அப்படியே உருகிவிடும். அப்பா இறந்தபோது என் பங்கு பூமியை அண்ணன் பேருக்கே எழுதிக்கொடுத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இந்த மனுஷனுக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது என்றிருந்தது.

அந்தப் பொங்கலுக்குப் போயிருந்தபோது என் திட்டத்தைச் சொன்னேன். கோடையில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பஞ்சாயத்து முழுக்க நடக்கப்போகிறேன், ஓடைக்கு இந்தப்பக்கம், அந்தப்பக்கம், ஒரு காடு கழனி விடாமல் பார்க்கப்போகிறேன் என்றேன். அண்ணி கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு துண்டை எடுத்துத் தோல் சீவினார். ஓடைக்கு அந்தப்பக்கம் அவர் பிற்பாடு வாங்கிய பூமி ஒன்று இருந்தது. நான் அங்கே போனதில்லை. வெறும் முள்ளுக்காடு, பாம்பு அதிகம் என்று சொல்லியிருந்தார்.

பாலக்காட்டுக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் போன் வந்தது.

“அம்மணி, நம்ம மருதாத்தாச் சின்னம்மா கடலைக் காட்டுல என்னமோ கெடக்குது. நீ காட்டுவியே, அதாட்டவே இருக்குது. எனக்கு என்ன தெரியும், நீ வந்து ஒரு பார்வை பாத்துப்போடு.”

வகுப்பை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு அன்றைக்கே கிளம்பினேன். கடலை பிடுங்கிப் போட்ட வெறும் காடு. அண்ணன் முன்னால் நடந்தார். வரப்பைத் தாண்டியதும் குனிந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஆம்போரா ஜாடியின் கைப்பிடி. கட்டைவிரல் போலத் தடிமன். வெயிலில் கறுப்பு மணல் மினுங்கியது. பத்தடி போனால் இன்னொரு துண்டு, அதன் பக்கத்தில் உள்ளே பிசின் பூசிய ஓடு. நான் அந்தக் காட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் தலைக்குமேல் வெயிலுக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மருதாத்தாள் எங்கள் சித்தப்பா முறைக்காரரின் மனைவி. புருஷன் போன பிறகு மூன்று ஏக்கர் காட்டைத் தனியாகவே பார்க்கிறவர். கிணறு வற்றிப்போனதால் அந்தக் கோடையில் போர்வெல் போட இடம் குறித்து வைத்திருந்தார். காட்டைத் தோண்டக் கொடுங்கள் என்று கேட்டதும் முகம் சுண்டிவிட்டது.

“கவர்மென்டு உள்ள வந்தா வெளிய போகுமா கண்ணு?”

“ஒரு வெயில் காலத்துக்குத்தான் சின்னம்மா. தோண்டிப் பாத்துட்டு மூடிக் குடுத்துருவோம்.”

“எனக்கு அந்தக் காட்ட உட்டா என்ன இருக்குது?”

அண்ணன் அவருடைய மெல்லிய குரலில் சொன்னார்: “சின்னம்மா, என் தங்கச்சி பேச்சு என் பேச்சாட்ட. ஒண்ணும் ஆகாது. நானு இருக்கறனில்ல.”

மருதாத்தாள் அண்ணன் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்து, உங்கள் பூமிக்கு ஒன்றும் வராது, நான் பொறுப்பு என்று சத்தியம் செய்தேன். சரி என்றார். எங்களுக்கு மோர் கொடுத்தார்.

தொல்லியல் துறையின் அனுமதி எனக்குத் தெரிந்து வேகமாக வந்ததில்லை, இந்த முறை வந்தது. ஓடுகளின் படத்தைப் பார்த்ததும் திருவனந்தபுரத்தில் எல்லோருக்கும் கை பரபரத்துவிட்டது. அகழாய்வுக்கு ஜிஜி என்ற பெண்ணை அனுப்பினார்கள். திருச்சூர்க்காரி, கெட்டிக்காரி, வெயிலுக்குப் பயப்படாதவள். கூடவே காட்டோரத்தில் ஒரு போர்டும் வந்தது. துறை முடிவு சொல்லும்வரை இங்கே உழக்கூடாது, கிணறோ போரோ போடக்கூடாது. மருதாத்தாளுக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு அவர் மோர் கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

மாசியில் தோண்ட ஆரம்பித்தோம். முதல் குழியில் மேல்மண் சாம்பல் நிறத்தில் பொலபொலவென்று இருந்தது. அதற்குள் ஓடுகள் வந்துகொண்டே இருந்தன. ஆம்போரா ஓடு, சக்கரம் உருட்டிப் புள்ளிவரி போட்ட தட்டின் விளிம்பு, பச்சைக்கல் சில்லு ஒன்றுகூட. ஒவ்வொன்றையும் பிரஷ்ஷால் தட்டி, இருந்த இடத்தை அளந்து, படம் எடுத்து, அதற்கப்புறம்தான் கையில் எடுப்போம். ஓடைக்கு அந்தப்பக்கம் தூரத்தில் ஏதோ மிசின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கத்தில் எந்நேரமும் எங்கேயாவது ஒரு மிசின் ஓடும். யாரோ காட்டைச் சமன் பண்ணுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பொழுதோடு அண்ணன் வருவார். குழியோரத்தில் குந்தி, “இன்னிக்கு என்ன கெடைச்சுது?” என்று கேட்பார். காட்டுவேன். எல்லோருக்கும் தூக்குப்போசியில் டீ கொண்டுவருவார். “டீச்சருக்கு எத்ர நல்ல சேட்டன்” என்று ஜிஜி சொன்னாள். எனக்குக் கூடப்பிறந்தவர் இப்படி இருக்கிறாரே என்று பூரித்துப்போனேன்.

ஒரு சாண் ஆழம் போனதும் சாம்பல் மண் நின்றது. கத்தியால் வெட்டியது போல நின்று, கீழே வெறும் செம்மண். அதில் ஒரு ஓடு இல்லை. இன்னும் தோண்டினோம். பாறைதான் வந்தது. இன்னொரு மூலையில் குழி போட்டோம். அங்கேயும் அதே கதை. மனிதர்கள் வாழ்ந்த இடம் என்றால் மிதித்து இறுகிய தரை இருக்கும், அடுப்பு எரிந்த சிவப்பு இருக்கும், கம்பம் நட்ட குழி இருக்கும். இங்கே ஒன்றும் இல்லை. ஓடு இருந்தது, ஊர் இல்லை.

“டீச்சரே, இது மேலே மாத்ரம்தான்” என்று ஜிஜி சொன்னாள். எரிந்து விழுந்தேன். பொறுமையாகத் தோண்டு, வரும் என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

மூன்றாவது குழியில், சாம்பல் மண்ணும் செம்மண்ணும் சேருகிற இடத்தில், ரோமானிய ஓடுகளுக்கெல்லாம் அடியில், ஜிஜி பிரஷ்ஷால் ஒதுக்க ஒதுக்க நீல நிறத்தில் ஒன்று எட்டிப் பார்த்தது. கிழித்த ஷாம்பூ பாக்கெட்.

“ரோமாக்காரன் குளிச்சிட்டுப் போயிருக்கான் டீச்சர்” என்றாள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்த வாயை மூடுவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பழைய காலத்தில் ஊர் இருந்து அழிந்த மேடுகள் அங்கங்கே இருக்கும். ஆயிரம் வருடத்து அடுப்புச் சாம்பலும் சாணமும் எலும்பும் மக்கிய மண் அது. அதைவிடச் சத்தான உரம் கிடையாது. மழைக்கு முன்னால் அதை வண்டி வண்டியாக அள்ளிக் காட்டுக்கு அடிப்பார்கள். எங்கள் அப்பாவும் அடித்திருக்கிறார். மேட்டிலிருந்து வருகிற மண்ணோடு அதிலிருக்கிற ஓடும் காட்டுக்கு வந்துவிடும். நான் ஊரைத் தோண்டவில்லை. உரத்தைத் தோண்டிக்கொண்டிருந்தேன். விவசாயி வீட்டில் பிறந்து, மண்ணடித்த காட்டுக்கும் ஊர் இருந்த காட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல், கையில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் எனக்குச் சந்தோஷமும் வந்தது, மறைக்க வேண்டியதில்லை. உரம் வந்திருக்கிறது என்றால் மேடு எங்கேயோ இருக்கிறது. நான் தேடிய இடம் அந்த மேடுதான். நேராக மருதாத்தாளிடம் போனேன். ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார்.

“ஏனுங் சின்னம்மா, உங்க காட்டுக்கு யாராச்சும் மண்ணடிச்சாங்களா?”

“ஆமா. முந்தின வருசம் உங்கண்ணந்தான் டிப்பர்ல கொண்டாந்து அடிச்சுது. மேட்டு மண்ணு சின்னம்மா, சும்மாவே தர்றேன்னு சொல்லுச்சு. அந்த வருசம் கடலை நெம்ப நல்லா வந்துச்சு.”

“எந்த மேடுங்க?”

“ஓடைக்கு அக்கட்டால உங்கண்ணன் பூமியில இருக்குதில்ல, அந்த மேடு.” தழையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஏங் கண்ணு, உனக்குத் தெரியாதா? அண்ணனும் தங்கச்சியும் ஒட்டுக்காத்தானே வந்து காட்டக் கேட்டீங்க? மண்ணு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுதான் தோண்டறீங்கன்னு நானு இருந்துட்டனே.”

ஓடைப்பக்கம் நடந்தேன். ஓடை காய்ந்து கிடந்தது. அண்ணனுக்கு மறந்திருக்கும் என்று போகிற வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டிப்பர்காரன் எங்கிருந்தோ அள்ளியிருப்பான், அண்ணனுக்கு என்ன தெரியும் என்று சொல்லிக்கொண்டேன். அண்ணனைக் காப்பாற்ற என் மனது எத்தனை குட்டிக்கரணம் போட்டது என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தென்னந்தோப்பைத் தாண்டியதும் அந்தப் பூமி. முள்ளும் இல்லை, பாம்பும் இல்லை. ஆடுகளம் போலச் சமமாக இருந்தது. மிசின் பல் கீறிய தடம் வரிவரியாக இன்னும் அழியாமல் தெரிந்தது. நடுவில் ஒரே ஒரு பனைமரம். கள் இறக்குகிற மரம் என்பதால் அதை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் வழித்திருந்தார்கள். மரத்தின் அடியில் என் உயரத்துக்கும் மேலாக ஒரு மண் திட்டு நின்றது.

அந்தத் திட்டுதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னது. அடியில் செம்மண். அதன்மேல் மிதித்து இறுகிய தரை. அதன்மேல் அடுப்பு, சுற்றிலும் சாம்பல். மறுபடி ஒரு தரை. கம்பம் நட்ட குழி. மாட்டு எலும்புகள். அதற்கும் மேலே வரிசையாக ஜாடிகள், கூர்முனையை மண்ணில் குத்திச் சாய்த்து வைத்தபடி. யாரோ பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார்கள். மிசின் வாளி அவற்றை ஒரே வீச்சில் பாதியாகச் சீவியிருந்தது. உடைந்த விளிம்பு புத்தம்புதிதாக இருந்தது. கறுப்பு மணல் மினுங்கியது.

போனில் படம் எடுத்தேன். அவசரத்தில் பாதிப் படம் கலங்கிப்போனது.

அண்ணனுடைய வண்டி வந்து நின்றது.

“உச்சி வெயில்ல இங்க எதுக்கு அம்மணி வந்தே? போன் பண்ணியிருந்தா நானே கூட்டியாந்திருப்பனில்ல.”

“எப்பருந்து இது?”

“தையில ஆரம்பிச்சது. போன வாரந்தான் முடிஞ்சுது.”

“மண்ணெல்லாம் எங்க?”

“கொஞ்சம் தென்னைக்கு அடிச்சாச்சு. மிச்சம் வேலந்தாவளம் செக்போஸ்ட் வழியாத் தமிழ்நாட்டுப் பக்கம் போயிருச்சு. ஊடு கட்டறவிய பள்ளம் நெரவறதுக்கு வாங்கறாங்க.”

நான் ஒரு ஓட்டை எங்கே கிடந்தது என்று விரலளவு பிசகாமல் அளந்துகொண்டிருந்த நேரத்தில் இந்தப் பக்கம் லாரி லாரியாகப் போயிருக்கிறது. அதே நாளில் பொழுதோடு எனக்கு டீ கொண்டுவந்திருக்கிறார்.

“இது என்னன்னு உங்களுக்குத் தெரியும்ண்ணா.”

“தெரியாம என்ன? நீதானே சொல்லிக்குடுத்தே.”

கோபமாகச் சொல்லவில்லை. பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொன்னார். சாம்பல் மண், மேடு, மினுங்குகிற மணல். எதைக் கண்டால் மறைக்க வேண்டும் என்று வருடக்கணக்காக நான்தான் அவருக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ உட்டிருப்பியா? நீ ஓடைக்கு ரெண்டு பக்கமும் நடக்கறேன்னு சொன்னதும் எனக்குத் தூக்கமே போச்சு. கம்பி வேலி போடுவாங்க, போர்டு வெப்பாங்க. பூமி எம்பேர்ல இருக்கும், ஒரு மொளக்குச்சி அடிக்கறதுக்குத் திருவனந்தபுரம் போய்க் கேக்கோணும். எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குதில்ல.”

“அதுக்குச் சின்னம்மா காட்ட மாட்டிவிட்டீங்களா?”

“அங்க ஒண்ணுமில்லைன்னு ஒரு நாளைக்குத் தெரிஞ்சா போர்டு எடுத்துருவாங்க. யாருக்கென்ன நட்டம் சொல்லு? உனக்கும் ஓடு கெடைச்சுது.”

உனக்கும் ஓடு கிடைத்தது. அழுகிற குழந்தைக்கு மிட்டாய் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, உள்ளே வீட்டைக் காலி செய்திருக்கிறார். நான் அந்த மிட்டாயை வாங்கிக்கொண்டு காட்டில் உட்கார்ந்து ஆனந்தமாக அழுதிருக்கிறேன். அன்றைக்குத் தலைக்குமேல் துண்டு பிடித்தாரே, அப்போது மனதுக்குள் என்ன நினைத்திருப்பார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். பாசம்தான் என்று சொல்வார். அதுவும் உண்மையாக இருக்கலாம், அதுதான் தாங்கமுடியவில்லை.

என் நாக்கில் என்னென்னவோ வந்தது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, பனைமரத்துத் திட்டைக் காட்டி, “இதையாச்சும் உட்ருங்கண்ணா. இது ஒண்ணு போதும். நான் கெஞ்சிக் கேக்கறேன்” என்றேன். வாழ்க்கையில் நான் அவரிடம் கெஞ்சியது அது ஒரு தடவைதான்.

“சரி, அது இருக்கட்டும். நீ மொதல்ல நெழலுக்கு வா” என்றார்.

நம்பினேன். அதற்குப் பிறகும் நம்பினேன்.

அன்று சாயங்காலமே ஜிஜியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துறைக்குப் போன் செய்தாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்தான். கூடப்பிறந்தவர் மேல் கேஸ் வரும் என்று தெரியும். ஆனால் நான் வாய்மூடி இருந்தால் மருதாத்தாள் காட்டில் அந்தப் போர்டு நிற்கும். நான் கைபிடித்துச் சத்தியம் செய்த பூமி அது.

அதிகாரி வர ஒரு நாள் இடைவெளி விழுந்தது. ஜீப் ஓடையைத் தாண்டிப் போய் நின்றபோது பனைமரம் இல்லை. திட்டு இல்லை. அந்த இடத்தை உழுது, தென்னம்பிள்ளை நட்டு, சொட்டுநீர்க் குழாயும் இழுத்திருந்தார்கள். அண்ணன் வெள்ளை வேட்டியில் நின்று கும்பிட்டார். மருதாத்தாளையும் வரச்சொல்லியிருந்தார்கள். அவர் தள்ளி நின்றார்.

அதிகாரி சாந்தமான மனிதர். இங்கே மேடு இருந்ததா, எப்போது எடுத்தது, அனுமதி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அண்ணன் எதையும் இல்லை என்று சொல்லவில்லை.

“மேடு இருந்துச்சுங் சார். என்னோட தங்கச்சியே இந்தத் துறையில படிச்ச புள்ளை. அதைக் கேக்காம நானு ஒரு கல்லப் பெரட்டுவனுங்களா? பொங்கலப்பவே கூட்டியாந்து காட்டினேன். பாத்துப்போட்டு, ஒண்ணுமில்லைங்கண்ணா, எடுத்துக்குங்கன்னு சொல்லுச்சு. அதுக்கப்புறந்தான் மிசின் உட்டேன்.”

“அண்ணா” என்றேன்.

“இப்ப எதுக்கு இப்படிப் பேசுதுன்னா, சார், அப்பா பூமியில ஒரு மனத்தாங்கலுங்க. பங்கை எழுதிக்குடுத்துட்டமேன்னு அதுக்கு உள்ளுக்குள்ள இருக்குது. நானு அதத் தப்புன்னு சொல்லமாட்டனுங்க. பொறந்த புள்ளைக்கு இல்லாத உரிமையா?”

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நடிப்பு என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. நான் ஆசையாகக் கொடுத்ததை எடுத்து என் முகத்திலேயே அறைந்தார்.

நான் கத்தினேன். பொய், எல்லாம் பொய், எனக்கு இந்த மேடே தெரியாது, திட்டையாவது விடச்சொல்லிக் கெஞ்சினேன் என்று கத்தினேன். போனில் எடுத்த படங்களை நீட்டினேன். அதிகாரி பார்த்தார்.

“அப்போ டீச்சர் இவிடே வந்து, இது கண்டு, படமும் எடுத்து. பின்னே ஒரு நாள் கழிஞ்சு இது இல்லாமலாச்சு” என்றார். குற்றம் சாட்டுகிற மாதிரி சொல்லவில்லை, கூட்டிக் கழித்துப் பார்க்கிற மாதிரி சொன்னார். எனக்குத் தெரிந்தேதான் எல்லாம் போயிருக்கிறது என்று அந்தக் கணக்கு முடிந்தது. நான் கத்தக் கத்த அண்ணன் தலைகுனிந்து நின்றார். எங்கள் இருவரையும் அன்றைக்கு முதல்தடவை பார்க்கிறவர்களுக்கு யார் யோக்கியர் என்று தோன்றும்?

அதிகாரி மருதாத்தாளைக் கூப்பிட்டார். “அம்மே, உங்க காட்டுக்கு வந்த மண்ணு எவிடத்து மண்ணுன்னு இந்த டீச்சருக்குத் தெரியுமா?”

மருதாத்தாள் என்னைப் பார்த்தார். அவருடைய காய்ந்த கிணறும், போட முடியாத போரும், காட்டோரத்துப் போர்டும் அந்தப் பார்வையில் இருந்தன.

“அதுக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு எனக்கெப்புடிங்க தெரியும்? அண்ணனும் தங்கச்சியும் ஒட்டுக்காத்தான் வந்தாங்க. அந்த அம்மணிதான் எங் கையப் புடிச்சு, ஒண்ணும் ஆகாதுன்னு சத்தியம் பண்ணுச்சு.”

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

அதிகாரி குறித்துக்கொண்டார். மருதாத்தாள் காட்டுப் போர்டை எடுத்துவிடலாம் என்றார். விசாரணை முடியும்வரை நான் எங்கேயும் அகழாய்வு செய்யக்கூடாது என்றார். மண் எடுத்ததற்கு அண்ணனுக்கு அபராதம் வரும் என்றார், சரிங்க சார், கட்டிப்போடறனுங்க என்று அண்ணன் சொல்லியாகிவிட்டது. கடற்கரைக்கும் கொங்குநாட்டுக்கும் நடுவில் மாடு அவிழ்த்துவிட்ட இடத்தில் தென்னம்பிள்ளைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. இனி அங்கே ஒரு ஊர் இருந்தது என்று யாருக்கும் என்னால் காட்ட முடியாது. என்னிடம் இருப்பது கலங்கிப்போன சில படங்கள்.

வெயில் ஏறிவிட்டது. ஊருக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பும் பழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை.

“சார், எல்லாரும் ஊட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போகோணும். சின்னம்மா, நீங்களும் வாங்க” என்றார் அண்ணன். என் பக்கம் திரும்பி, “வா அம்மணி, உங்கண்ணி உனக்குப் புடிக்குமேன்னு கொள்ளுப்பருப்புக் கடைஞ்சு வெச்சிருக்கா” என்றார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்ட அதே குரல்.

நான் அசையவில்லை. அதிகாரி செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு அண்ணன் பின்னால் நடந்தார். மருதாத்தாள் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு நடந்தார். ஜிஜி மட்டும் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றாள். ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். தோள்பையைச் சரிசெய்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் அவளும் போனாள்.